சபூறாவின் இடது கண்

தேன் நிறத்தில் மினுங்கும் பூனைக்கண்கள் சபூறாவுக்கு. அடுத்த வளவுச் சிவனேஸ்வரி தங்கமான மனுசிதான். ஆனால் பசு கன்று போட்டால் உடனே வேலியில் சாக்கைக் கட்டி மறைத்துவிடுவாள். பூனைக்கண் பட்டால் பால் வற்றிவிடும் என்ற பயம். சபூறா அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த வேலியைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள், அவ்வளவுதான்.

இடது கண்ணில் குளுக்கோமா என்று கிளினிக்கில் சொன்னார்கள். பார்வை போகாமலிருக்க இரவில் ஒரு துளி மருந்து விடவேண்டும். மருந்தைக் குளிரில் வைக்கச் சபூறா வீட்டில் பிரிட்ஜ் இல்லை.

"என்ர பிரிட்ஜிலை வையுங்கோ அக்கா" என்று சிவனேஸ்வரிதான் பால் சட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சபூறா அவளுடைய குசினிக்குப் போய் மருந்தை விட்டுக்கொண்டு வருவாள்.

ஒரு வருடத்துக்குள் இடது கண்ணின் தேன் நிறம் கறுத்துப்போனது. அது மருந்தின் குணம், பயமில்லை என்றார் டொக்டர்.

"அந்தக் கண்ணை ஆரிட்ட இரவல் வாங்கினனீ?" என்று பகிடி பண்ணினார் கணவர் மஹ்றூப்.

சபூறாவுக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பசு அப்போதுதான் மறுபடி கன்று போட்டு, வேலியில் சாக்கு ஏறியிருந்தது. மற்றக் கண்ணும் கறுத்துவிட்டால் வேலியில் சாக்குத் தேவையில்லையே! சிவனேஸ்வரிக்குத் தெரியாமல் சுவரைப் பார்த்து நின்று, நோயில்லாத வலது கண்ணுக்கும் ஒரு துளி விடத் தொடங்கினாள்.

அடுத்த கிளினிக்குக்கு முன்பே மருந்து முடிந்துவிட்டது. சிவனேஸ்வரி போத்தலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, குடிச்சுப்போட்டியளே?"

"இல்லைத் தங்கச்சி... மற்றக் கண்ணுக்கும் விட்டனான்."

"அது நல்ல கண்ணெல்லே! ஏன்?"

சபூறா நிலத்தைப் பார்த்தாள். "ரெண்டும் கறுத்தால் நீ சாக்கை அவிழ்ப்பாய் எண்டு நினைச்சன்."

"முருகா, மருந்தில்லாமல் உங்கட பார்வை போனால் அந்தப் பாவம் எனக்கெல்லோ" என்றாள் சிவனேஸ்வரி.

விடிந்ததும் டொக்டர் எழுதிக்கொடுத்த மருந்துத் துண்டைச் சபூறாவிடம் வாங்கிக்கொண்டு, கிளிநொச்சிக்கு முதல் பஸ்ஸில் ஏறினாள். பசுவைக் கறக்கும் வேலை அவளுடைய புருசன் யோகநாதனின் தலையில் விழுந்தது. பசு உதைத்ததில் பாதிப் பால் நிலத்துக்குப் போனது. அதற்கு எவருடைய கண்ணும் காரணமில்லை.

மத்தியானம் புதுப் போத்தலோடு வந்தவள் நேரே வேலிக்குப் போனாள். சாக்கை அவிழ்த்து உதறிக் கன்றுக்குப் படுக்கையாக விரித்தாள்.

"அக்கா, வந்து கன்றைப் பாருங்கோ!"

"எந்தக் கண்ணாலை?"

"ரெண்டாலையும்தான். மருந்து மட்டும் இடதுக்கு. இனி நான்தான் விட்டுவிடுவன்."

சபூறா முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு நின்றது கன்று. அதற்குக் கண் படாமலிருக்க "மாஷா அல்லாஹ்" என்றாள். அது வந்து அவளுடைய முந்தானையைச் சப்பத் தொடங்கியது.