கிப்லாப் பக்கம் யார்

பேரீச்ச மரத்தின் உச்சியிலிருந்து மிஹ்ஜன் கத்தினான். "காரிஜா, இதுல எது ஆணு, எது பொண்ணு? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு!"

"உன் கையில இருக்கறது ஆணு. பாளைக்குள்ள இருக்கறது பொண்ணு. மக்காவுல உங்களுக்குக் கல்யாணமெல்லாம் யாருப்பா பண்ணி வச்சாங்க?"

"அங்க எங்ககிட்ட இருந்தது ஒட்டகம். அதுங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல."

காய் பிடிப்பதற்காக அவன் பாளையில் தூவிய ஆண் பூந்தூளில் பாதி என் தலையில் விழுந்தது. மக்காவை விட்டு வந்தவர்களை மதீனாக்காரர்களான எங்களுடன் நபியவர்கள் ஆளுக்கு ஒருவராகச் சகோதரர்கள் ஆக்கியபோது எனக்குக் கிடைத்தவன் அவன். இரண்டரை வருஷமாக மரத்தைக் கண்டாலே பின்வாங்கியவன், அன்றுதான் ஒரு மரத்தை முழுசாக முடித்துவிட்டு இறங்கினான். முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன.

"நாளைக்குப் பள்ளிக்குப் போறது உன் முறை" என்றான். "நல்லாக் காது குடுத்துக் கேட்டுட்டு வா. போன தடவை பாதியை முழுங்கிட்டே."

எங்கள் ஏற்பாடு அப்படி. ஒருநாள் அவன் தோட்டத்தில், நான் பள்ளிவாசலில். மறுநாள் மாறிக்கொள்வோம். போனவன் மாலையில் வந்து, அன்று நபிக்குப் புதிதாக இறங்கிய குர்ஆன் வசனத்தையும் ஊர்ச் செய்தியையும் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத் தெரியும். ஒட்டக எலும்பிலும் மட்டையிலும் எழுதி வைத்துவிடுவேன்; எழுதியதும் மனத்திலிருந்து இறங்கிவிடும். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

மறுநாள் என் முறை வரவில்லை. மக்காவிலிருந்து குறைஷிகளின் படை வந்துவிட்டது என்ற சேதிதான் வந்தது. சனிக்கிழமை உஹது மலையடியில் மிஹ்ஜன் கொல்லப்பட்டான்.

அன்று உயிரோடு நின்ற எங்களில் காயம் இல்லாதவர்கள் குறைவு. தரையோ பாறை மாதிரி. ஆளுக்கொரு குழி வெட்ட யாருக்கும் கையில் தெம்பில்லை. குழியை அகலமாக வெட்டி இருவர் மூவராக அடக்குங்கள், குர்ஆன் அதிகம் தெரிந்தவரை முதலில் வையுங்கள் என்று கட்டளை வந்தது. முதலில் வைக்கப்படுபவருக்குத் தெற்குப் பக்கம், நாங்கள் மக்காவை நோக்கித் தொழும் கிப்லாப் பக்கம் கிடைக்கும். மிஹ்ஜனைக் கினானாவோடு சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கினானா எங்கள் தெருக்காரன். அவன் ஓதினால் நாலு தோட்டம் தள்ளிக் கேட்கும்.

குழிக்குள் நின்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரையும் தெரிஞ்சவன் நீதானே? யாருக்குக் குர்ஆன் அதிகம்?"

"கினானாவுக்கு" என்றேன்.

யோசிக்கவே இல்லை. மிஹ்ஜன் தொழுகையில் கடைசி வரிசையில் நிற்பவன். இமாமாக நிற்கச் சொன்னால் செருப்பைத் தேடுவதுபோல நழுவிவிடுபவன். அதோடு, தன் ஆளை முன்னால் தள்ளுகிறான் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. குளிப்பாட்டாமல், இரத்தம் காய்ந்த உடையோடு, கினானாவை முதலில் இறக்கினார்கள். பிறகு மிஹ்ஜனை.

அதற்குப் பிறகு நான் தோட்டத்தில் நின்ற நாள்களில் பள்ளியில் என்ன ஓதப்பட்டது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்குப் போன நாள்களில் மரங்கள் காய்ந்தன. கேட்டு வந்ததை மாலையில் சொல்ல ஆளில்லாமல் இரண்டு முறை கிணற்றடிவரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மாவரைக்கும் ரைத்தா சுவரோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, பகறா சூராவுல மிச்சத்தை எனக்கு யாரு சொல்லித் தருவா?"

"எதோட மிச்சம்?"

"மிஹ்ஜன் அண்ணன் தண்ணி இறைக்கறப்ப ஓதுவாரு. நான் திரிகையை நிறுத்திட்டுக் கேப்பேன். நான் தப்பாச் சொன்னா வாளியைக் கீழ வச்சிட்டுத் திருத்துவாரு. பாதிக்கு மேல வந்துட்டோம்."

ஓதச் சொன்னேன். குர்ஆனிலேயே நீளமான அத்தியாயம் அது; தொடக்கத்திலிருந்து ஓதினாள். நிழல் சுவரைத் தாண்டும்வரை ஓதினாள். நான் எழுதி வைத்திராத வசனங்களும் அதில் இருந்தன.

"இவ்வளவும் அவனுக்கு மனப்பாடமா?"

"எனக்குச் சொல்லித் தந்ததுதான் பாதியில நிக்குது. இறங்கினவரைக்கும் எல்லாமே அவருக்குத் தெரியும்."

கினானாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். இதில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"ஒருநாள் விட்டு ஒருநாள் உங்ககிட்டதானே வந்து ஓதினாரு? நீங்க எலும்பைப் பாத்துக் குனிஞ்சே இருந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு ரைத்தா திரிகைக்குப் போய்விட்டாள்.

தூக்கம் வரவில்லை. தப்பாகச் சாட்சி சொல்லி அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். அதைச் சரிசெய்ய முடியாது என்றும் இல்லை. உஹதில் அடக்கப்பட்ட தன் தந்தையை ஒருவர் ஆறு மாதம் கழித்து வேறு குழிக்கு மாற்றியிருந்தார். நான் வாயைத் திறந்தால் போதும். முதலில் கினானாவின் தாயிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் உஹதுக்குப் போவார். நான் போனபோது குழியின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாப்பா காரிஜா. உன் வாயாலதானே எம்புள்ளைக்கு இந்த இடம் கெடச்சுது. வீட்டுல அவன் சோத்துக்குத்தான் முந்துவான். வேற எதுக்கும் முந்தினதில்ல, எழுப்பவே ஒரு ஆளு வேணும். இங்க முந்திட்டான் பாத்தியா?" சிரித்தார். சிரிப்போடேயே முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க மக்காக்காரனையும் சும்மா சொல்லக் கூடாது. பின்னால ஒரு துணையா இருக்கான்."

நான் இரண்டு கல்லைப் பொறுக்கி அப்பால் போட்டுவிட்டு மறுபடி எழுந்து நின்றேன்.

"என்னமோ சொல்ல வந்தவன் மாதிரி நிக்கிறியே?"

"ஒண்ணுமில்ல உம்மா. வெயில் ஏறுது. வாங்க, போகலாம்."

அவரைக் கைபிடித்து வீடுவரை கொண்டு வந்து விட்டேன். அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார். அவருக்குப் பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒன்றை நான் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவனைப் பற்றியதுதான் இது.

ரைத்தாவுக்கு மிச்சத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தடவை எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு வசனமாக முதலில் நான் மனப்பாடம் செய்தேன். அதற்கு எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று.

போன வாரமும் உஹதுக்குப் போயிருந்தேன். தெற்கே கினானா. அவன் முதுகுக்குப் பின்னால் மிஹ்ஜன்.