விற்பனைக்கு அல்ல

ஸ்பாஞ்சைக் கறுப்புப் பெயின்டில் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி, இனி ஒட்டுமா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு எடுத்துவிட்டு, முலிகாத் வாசல் சுவரில் எழுத்து வெட்டிய ஸ்டென்சில் தாளை வைத்துத் தட்டினாள். பெயின்ட் மிஞ்சினால் தாளுக்கு அடியில் கசிந்து எழுத்து கொழகொழவென்று ஆகிவிடும். வாடகை நாற்காலிகளின் முதுகில் தன் கடைப்பெயரை அடித்து அடித்துப் பழகிய கை. அந்த நாற்காலிகளில்தான் இப்போது இபாதான் ஊர்ச் சொந்தமெல்லாம் உட்கார்ந்து அமலாக் களி தின்றுகொண்டிருந்தது.

விடியலில் போன அப்பாவை மதியத் தொழுகைக்குப் பிறகு, ஊர் வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே அடக்கியாயிற்று.

"மண்ணு கூட காயல, அதுக்குள்ள சுவத்துல என்னடி கிறுக்குற?" என்றாள் அத்தை ஸிகிராத்.

"எல்லாரும் கெளம்புறதுக்குள்ள எழுதணும் அத்தை. நாளைக்கு எழுதினா யாரு பாப்பாங்க?"

யாருக்காக எழுதுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா படுக்கையில் கிடந்தபோதே லாகோஸிலிருந்து விலைபேச ஆள் கூட்டிவந்து வீட்டைச் சுற்றிக் காட்டியவன் அண்ணன் ரஃபியு. 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று சுவரில் இருந்தால், புத்தியுள்ளவன் முன்பணம் நீட்டமாட்டான். எழுத்து சுத்தமாகவும் இருக்க வேண்டும். கசிந்திருந்தால், யாரோ கோபத்தில் கிறுக்கியது என்று சிரித்துவிட்டுப் போவான்.

நாற்காலி வழவழப்பு; சுவரோ சொரசொரப்பு. 'வீடு' வரை தப்பித்தது. அடுத்த தாளின் ஓரம் எழும்பி நின்றது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது அவளுக்கு.

பின்னால் செருப்புச் சத்தம். ரஃபியு.

"எனக்குத்தானே எழுதுற?"

"ஆமாண்ணே."

அவன் தாளைப் பிடுங்கினான். கிழிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். வெட்டிய எழுத்துகளுக்கு நடுவே மங்கலாக விலா எலும்புகள்.

"யாரோட எக்ஸ்ரே இது?"

"அப்பாவோடது. அவரேதான் குடுத்தாரு. 'இனிமே எனக்கெதுக்கு, கெட்டியான தாளு, நல்லா வெட்டலாம்'னாரு."

"என்ன எழுதப்போறேன்னு அவருக்குத் தெரியுமா?"

"எழுத்தோட அளவு சொன்னதே அவருதான்."

ரஃபியு கொஞ்ச நேரம் அந்த எலும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெள்ளை அக்பாடா அங்கியின் அகலக் கைகளைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து, உள்ளங்கைகளை விரித்து ஓரமெல்லாம் படிய அழுத்தினான்.

"ம், தட்டு."

முலிகாத் தட்டினாள். அவன் விரல்களிலும் கறுப்பு ஏறியது. அவன் கையை எடுக்கவில்லை.