நட்சத்திரம் பார்க்கும் சிடி

திருத்தணி மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த நட்சத்திரம் தெரியாது. அர்ச்சகர் கேட்டதும் புருஷன் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான், அவள் மாமியார் முகத்தைப் பார்ப்பாள். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும். இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கல்பனாவுக்கு அந்த யோசனை வந்தது. படிக்கட்டுக்குப் போகும் தெருவில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவள், 'பிறந்த தேதி, நேரம் சொல்லுங்கள், நட்சத்திரம் இலவசம்' என்று வாசலில் எழுதி ஒட்டினாள். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு பஞ்சாங்க சாஃப்ட்வேரை நான்கு கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். அது இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஏதோ கேட்டது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, நெக்ஸ்ட். யார் உட்கார்ந்து படிப்பது?

அது 2005 தை மாதம். நட்சத்திரம் கேட்க வந்தவர்கள் அப்படியே மெயிலும் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கும் வேண்டும் என்று கேட்ட பதினோரு பேருக்கு அதைச் சிடியில் போட்டுக் கொடுத்தாள். புண்ணியம் என்று நினைத்துத்தான் கொடுத்தாள், பாவம்.

அவள் கடையில் தடுப்போ திரைச்சீலையோ கிடையாது. எல்லாக் கம்ப்யூட்டரும் தெருவைப் பார்த்தே இருக்கும். அதனால்தான் வயசுப் பெண்களை நம்பி அனுப்பினார்கள். வைகாசியில் மலைக்கோயில் அர்ச்சகர் கணபதிசுப்பிரமணியனும் தன் மகள் பார்கவியை அப்படித்தான் அனுப்பினார். பி.எஸ்ஸி. முடித்த பெண். சென்னைக் கல்லூரி ஒன்றில் எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

திங்கட்கிழமை அவளை அழைத்துப்போக அப்பா வந்து நின்ற நேரம் பார்த்து, திரையில் ஒரு படம் விரிந்தது. துணியே இல்லாத படம். பார்கவி பதறிப்போய் அதை மூடினாள், மூன்று விரிந்தன. தெருவே பார்த்தது.

"என்னாத்தம்மா தொட்ட?" என்று கல்பனா ஓடிவந்து கத்தினாள். இதற்கு முன் படங்கள் விரிந்தபோதும் யாரோ பையன்கள் தொட்ட வேலை என்றே மூடிவிட்டிருந்தாள்.

"நான் ஒண்ணுமே தப்பா அமுக்கலை அக்கா."

அர்ச்சகர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் தகவல் வந்தது: வீட்டில் அடி, இனி படிப்பும் கிடையாதாம்.

கல்பனா அந்தக் கம்ப்யூட்டரில் அன்று திறந்த பக்கங்களையெல்லாம் தேடினாள். கல்லூரிப் பக்கத்தைத் தவிர அந்தப் பெண் எதையுமே தொட்டிருக்கவில்லை.  ஊர் கேட்க அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். யார் செய்த வேலை என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மூன்று நாள் கடையை மூடினாள்.

ஒரு கம்ப்யூட்டரில் இருந்ததை முழுக்க அழித்துத் துடைத்து, புரோகிராம்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்று ஏற்றுவது, அரை மணி நேரம் இன்டர்நெட்டில் விட்டுப் பார்ப்பது. தமிழ் எழுத்து ஏற்றினாள், சுத்தம். பாட்டுப் போடுவதை ஏற்றினாள், சுத்தம். புதன்கிழமை பஞ்சாங்கத்தை ஏற்றினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதே படம் பல்லை இளித்தது. பஞ்சாங்கத்தை நீக்கினால் பஞ்சாங்கம் மட்டும்தான் போனது. கூட வந்தது நகரவில்லை.

மறுநாள் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு 'ஐ அக்ரீ'க்கு மேலே இருந்ததை முதல்முறையாகப் படித்தாள். நாற்பதாவது வரியோ என்னவோ, அங்கே இருந்தது: இதனுடன் எங்கள் நண்பர்களின் புரோகிராம்களும் ஏற்றப்படும், அவை விளம்பரம் காட்டும், நீங்கள் சம்மதிக்கிறீர்கள். நல்ல நண்பர்கள்! சம்மதித்தது அவள் விரல். அடி வாங்கியது பார்கவி. கல்பனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அர்ச்சகர் மலையிறங்கும் வழியில் போய்க் குறுக்கே நின்றாள்.

"என் மானம் போனது போறாதா?" என்றார் அவர்.

"போன மானம் எங்க கடையிலதாங்க சாமி கீது. ஒரு கால் மணி நேரம் வந்து பாருங்க. அப்பறமா என்னா வேணா திட்டுங்க."

அவர் விலகி நடந்தார். அவள் பக்கத்திலேயே நடந்தாள். படிக்கட்டில் பூ விற்கிறவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும், இதற்குக் கடைக்கே போவது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்தார்.

துடைத்து வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டர் முன் அவரை உட்காரவைத்து, மவுஸைக் கையில் கொடுத்தாள்.

"நான் தொட மாட்டேன் சாமி. நீங்களே அமுக்குங்க."

அவள் காட்டிய இடத்திலெல்லாம் அமுக்கினார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ. பஞ்சாங்கம் திறந்ததும் அவர் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. தன் பிறந்த தேதியையும் நேரத்தையும் ஒவ்வொரு எண்ணாகத் தானே தட்டினார். அனுஷம் என்று சரியாகச் சொன்னது. வீட்டில் நாலு பேருக்குப் பார்ப்பதற்குள் படம் விரிந்தது. பதறி மூடினார். மூன்று விரிந்தன.

மவுஸை உதறிவிட்டு எழுந்தார். "நான் ஒண்ணுமே தப்பா அமுக்கலையேம்மா!"

"பார்கவியும் இதத்தான சாமி சொல்லிச்சு."

அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போனார். நாலரை மணிக்கு மகளோடு வந்தார். அரை மணி நேரமே இருந்தது. பார்கவி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, துடைத்து வைத்திருந்த மூன்றாவது கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பினாள். போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னபோது ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்டி" என்றார் அப்பா.

"பொண்ணு சொன்னா நம்ப மாட்டேள். மிஷின் சொன்னாத்தான் நம்புவேளா?" என்றாள் அவள். பிறகு கல்பனாவிடம் திரும்பினாள். "நீங்களும்தானே அக்கா?"

"ஆங். நானும்தாம்மா" என்றாள் கல்பனா. வேறு என்ன சொல்வாள்?  அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை.

கல்பனா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பதினோரு பேரின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மையார்குப்பம் போனாள். அங்கே சிடி வாங்கிய தறிக்காரர் வீராசாமி வீட்டில், சேலைக்கு பார்டர் டிசைன் வரைகிற கம்ப்யூட்டர் ஒன்று இன்டர்நெட்டோடு உண்டு. அவர் மனைவி வரலட்சுமி கதவைத் திறந்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் குடுத்த சிடியில ஒரு அசிங்கம் சேந்து வந்துட்சி அக்கா. எனக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் கேட்டாள். "அதால உங்க வூட்ல யாரையாச்சும் சந்தேகப்பட்டீங்களா?"

வரலட்சுமி உள்பக்கம் திரும்பி, "இந்தாங்க, தறிய நிறுத்துங்க" என்று கத்தினாள். தறி நின்றது.

"என் கொழுந்தன்" என்றாள் கல்பனாவிடம். "நான் இல்ல அண்ணி, நான் இல்ல அண்ணின்னு கால்ல வுழுந்தான். தொரத்திட்டோம். மூணு மாசமாச்சு. திருப்பூர்ல கீறான்னு சொல்றாங்க."

"விலாசம் வாங்கிக் குடுங்க" என்றாள் கல்பனா. "நானே போறேன்."