முன்னால் நடப்பவள்

...இல்லை, கல்தான் தடுக்கியிருக்கும், இந்த ஒற்றையடிப் பாதையில் யாருக்குத்தான் தடுக்காது, என்று யாமினி தனக்குள் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் போய்க்கொண்டிருந்த மரகதம் அக்காவின் வலது கால் மறுபடி பட்டென்று தரையில் விழுந்தது. கல் இல்லை, வெறும் புழுதி. குதிகால் முதலில் பட வேண்டும், பிறகுதான் விரல்கள், ஆனால் இந்தக் கால் முழுசாக, ஈரத்துணியை அறைகிற மாதிரி... பார்க்காதே, லிவர்மோர் கோயிலில் கும்பிட்டுவிட்டு நண்பர்களோடு காற்று வாங்க வந்திருக்கிறாய், ஏரியைப் பார், மலையெல்லாம் மஞ்சளாய்க் காய்ந்து கிடக்கிற புல்லைப் பார். நரம்பியல் டாக்டர் பயிற்சிக்கு ரெசிடென்ஸி சேர்ந்ததிலிருந்து கடையில் வரிசையில் நிற்பவர்களின் கையைக்கூட இப்படித்தான் பார்க்கிறாய், கணவன் மதன் கிண்டல் செய்வது சரிதான். மதன் எங்கே? அதோ, வளைவுக்கு அப்பால், அக்காவின் கணவர் கிட்டுசாமியோடு ஆபீஸ் கதை பேசிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். சற்று முன் அக்கா தடுக்கியபோது கிட்டுசாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார், புது ஷூ வாங்கித் தந்தும் பிரயோஜனமில்லை என்றார், மதனும் சிரித்தான், ஏன், நானும்தானே சிரித்தேன்...

இடுப்பு நரம்பு அழுந்தினால்கூடக் கால் இப்படித் தொங்கும், அது சரியாகிற விஷயம், அதுவாகவே இருக்கட்டும். ஆனால் காலையில் கோயில் வாசலில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் தன்னிடம் நீட்டினாளே? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றி ஒரு பள்ளம்... அதைப் பார்த்தேனா, இல்லை இப்போது கற்பனை செய்கிறேனா? இந்தக் கைதானே என் பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வர விசா கிடைக்காதபோது பிள்ளையைக் குளிப்பாட்டியது. கேட்டுவிடலாமா? கேட்டால் அவள் ஏன் என்பாள், அப்போது என்ன சொல்வது, கை, கால் என்று ஒவ்வொன்றாய் ஓய்ந்து கடைசியில் மூச்சும் ஓய்கிற அந்த நோயின் பெயரை இந்த வெயிலில், பறவை கத்திக்கொண்டிருக்கும்போது, எப்படி வாயால் சொல்வது? பட்டென்று மறுபடி. பேசு, குழந்தையைப் பற்றி ஏதாவது சொல். ஒரு வார்த்தை வரவில்லை.

ஓக் மர நிழலில் அக்கா நின்றாள். திரும்பவில்லை. பேசினால் காதில் விழாத தூரத்தில் ஆண்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பது போலிருந்தது.

"எத்தனை நாளாக்கா இப்படி?" யாமினியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பொங்கலுக்கு முன்னாடி இருந்தே கண்ணு. அவருகிட்ட இன்னும் சொல்லலை." அக்கா மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "கிளினிக்குக்கு வந்தா நீ டாக்டராட்டம் பேசுவே. இங்கேன்னா நீ என் நடையைச் சும்மா பார்ப்பேன்னு தோணுச்சு. அதான் உன்னைப் பின்னால விட்டுட்டு நான் முன்னால நடந்தேன்."

டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் அக்கா, வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம்... எல்லா வாக்கியமும் தயாராக இருந்தது, உண்மையும்கூட. யாமினி வாயைத் திறந்தாள். அக்கா அதற்குள் தலையை ஆட்டிவிட்டு, தொங்கும் காலைத் தூக்கி வைத்து மறுபடி நடக்கத் தொடங்கினாள். எதற்குத் தலையாட்டினாள், நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே, என்று நினைத்தபோதுதான் யாமினிக்கு உறைத்தது, எப்போதும் ஓயாமல் பேசுகிற தான் ஏரிக்கரையிலிருந்து இந்த மரம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பின்னால் வந்ததை அக்கா கேட்டுக்கொண்டேதான் நடந்திருக்கிறாள்.