நாற்பத்தாறு கட்டை வீடு

பொம்மிடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு நன்கொடையாக வந்தவை இரண்டே இரண்டு மடிக்கணினிகள். தலைமையாசிரியர் மாதவராஜ் அவற்றுக்கு வைத்த பெயர் ‘முப்பரிமாண மெய்நிகர் அறிவுச் சுரங்கம்’. பேனர் வாசலைவிட அகலமாகிவிட்டதால், பாதிச் சுரங்கத்தைச் சன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

சுரங்கத்துக்குள் நடந்தது என்னவோ விளையாட்டுதான். திரையில் கட்டை கட்டையாக அடுக்கி வீடு, கிணறு, மலை என்று எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அதை வைத்துத்தான் கணக்கு டீச்சர் சுகுணா ஏழாம் வகுப்புக்குப் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தாள்.

“கல்வி அதிகாரி பாக்க வர்றப்ப ஏதாச்சும் தப்பாச்சுன்னா, ரெண்டு மிஷினும் என் பீரோவுக்குப் போயிரும், டீச்சர். பத்திரமா இருக்கும்” என்று மாதவராஜ் எச்சரித்திருந்தார்.

அந்தப் பீரோவுக்குள் போன நுண்ணோக்கி எட்டு வருடமாகப் பத்திரமாகத்தான் இருக்கிறது.

கணினி போவதைவிட, சுசித்ரா பழையபடி ஊமையாகிவிடுவாளே என்பதுதான் சுகுணாவின் பயம். கொத்தனார் கருப்பண்ணனின் மகள் அவள். கரும்பலகைக் கணக்குக்கு வாயே திறக்காதவள், கட்டை அடுக்க ஆரம்பித்த பிறகுதான் “டீச்சர், இங்க பாருங்க” என்று கூப்பிடவே பழகியிருந்தாள். அதனால், “நல்லாப் படிக்கற புள்ளயா உக்கார வைங்க” என்று மாதவராஜ் சொல்லியும் கேட்காமல், அதிகாரி முன்னால் சுகுணா அவளையே உட்காரவைத்தாள்.

தருமபுரியிலிருந்து அதிகாரி வந்தார். சால்வை போட்டார்கள். மாதவராஜ் வரவேற்றுப் பேசினார். பேச்சு முடிவதற்குள் ஒரு மடிக்கணினி தூங்கிவிட்டது. அதிகாரிக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி சுகுணா தயாரித்தது. ஒரு கட்டை ஓர் அடி. உள்ளளவு பன்னிரண்டுக்கு ஒன்பது வைத்து ஓர் அறை. சுற்றிலும் ஒரு வரிசைச் சுவர் போதும். அதற்கு மூலைகளையும் சேர்த்து நாற்பத்தாறு கட்டை தேவை என்று எண்ணி, அத்தனையை மட்டும் விளையாட்டின் பெட்டியில் போட்டிருந்தாள். பரப்பளவு நூற்றெட்டு என்று சொல்லிவிட்டால் கைதட்டல், டீ, முறுக்கு.

சுசித்ரா மளமளவென்று கட்டி முடித்தாள். “நூத்திப்பத்துங்க” என்றாள்.

கைதட்டத் தூக்கிய மாதவராஜின் கைகள் அந்தரத்தில் நின்றன. “நூத்தியெட்டு!” என்றார் பல்லிடுக்கில்.

“இல்லீங்க சார். நான் பதினொண்ணுக்குப் பத்து கட்டியிருக்கேன்.”

“மாத்தச் சொன்னது யாரு?”

“பன்னெண்டு ஆவாதுங்க. காசு தங்காதாம். ஒம்போது அதவிட மோசம். எங்கப்பா யாருக்கும் அந்த அளவுல கட்டித் தர மாட்டாரு. கட்டுனா அந்த வூட்டுல யாராச்சும் குடியிருக்கணுமில்லீங்க?”

வகுப்பு சிரித்தது. மாதவராஜ் அதிகாரிக்குக் கேட்கும்படி பொங்கினார். “விஞ்ஞான யுகத்துல மனையடி சாஸ்திரமா? வெக்கமா இல்ல?”

சுசித்ரா உண்மையான சந்தேகத்தோடு அவரைப் பார்த்தாள். “உங்க வூட்லயும் ஒரு ரூமு பன்னெண்டு வந்துருச்சுன்னு நீங்கதான இடிக்கச் சொன்னீங்க, சார்? எங்கப்பாதான் இடிச்சாரு.”

அதிகாரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. மாதவராஜ் பேனரைப் பார்த்தார். பேனரில் உதவி எதுவும் எழுதியிருக்கவில்லை.

சுசித்ராவின் முகம் சுருங்கத் தொடங்கியது. தலை கவிழ்ந்துவிட்டால் இனி எப்போது நிமிருமோ என்று பதறி சுகுணா திரையைப் பார்த்தாள். பெட்டி காலி. நாற்பத்தாறும் போயிருந்தது. கூடுதலாக ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆனால் அறை மட்டும் இரண்டு சதுர அடி பெரிது! கேள்வியைத் தயாரித்தபோது அவளுக்கே இது தோன்றவில்லை.

“ஐயா, தப்பு இல்லீங்க” என்றாள் அவசரமாக. “நான் சொன்ன அளவுக்கும் நாப்பத்தாறு கட்டதான், இவ கட்டுனதுக்கும் அதே நாப்பத்தாறுதான். ஆனா இவ வூட்டுல எடம் அதிகம்.”

அதிகாரி நம்பவில்லை. திரைமேல் விரல் வைத்துத் தானே எண்ணினார். முப்பதில் தவறவிட்டு மறுபடி ஆரம்பித்தார். முடித்ததும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சியில் சால்வையோடு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் நீட்டிக் கட்டுனா என்னாகும், பாப்பா?”

சுசித்ரா பதின்மூன்றுக்கு எட்டு கட்டினாள். “நூத்திநாலுங்க. நீட்டுனா கொறையுது.” கொஞ்சம் யோசித்தாள். “வட்டமாக் கட்டுனா?”

“கட்டையில வட்டம் வராதே” என்றாள் சுகுணா.

“அப்ப ஆளுங்கள நிக்க வெச்சுப் பாக்கலாங்களா?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. முறுக்குத் தட்டோடு மாதவராஜ் வாசலில் நிற்க, அவரைத் தாண்டி வகுப்பே மைதானத்துக்கு ஓடியது. கூடவே போன அதிகாரி திரும்பி, “அந்த மிஷினை எங்கயும் எடுத்து வெச்சுராதீங்க சார், நான் மறுபடி வருவேன்” என்றார்.

பிள்ளைகளும் டீச்சரும் கைகோத்து முதலில் நீள்சதுரமாக நின்றார்கள். பிறகு வட்டமானார்கள். நடுவில் நின்ற சுசித்ரா, இடம் கூடியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“டீச்சர்!” என்று மைதானமே அதிரக் கத்தினாள். “உங்க பக்கந்தான் கோணல். பின்னால தள்ளி நில்லுங்க!”

சுகுணா தள்ளி நின்றாள்.