ஊதா அங்கி

ஊதா அங்கியின் ஒரு முனை லிவியாவின் கையில், மறுமுனை ஃபாதர் செல்ஸோவின் கையில். பார்மாவின் அந்தச் சின்னக் கோயிலின் பின்னறையில் கால்மணி நேரமாக இழுபறி. பீடத்தின் முன்னால், பெட்டிக்குள், அவளுடைய அப்பா ஒட்டோரினோ காத்திருந்தார். ஆப்பரா பாடகரான அவர் ஆயுளில் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

"இறந்தவங்க பூசைக்கு ஊதாதான்மா. நானா வச்சேன் சட்டம்?"

"வெள்ளை?"

"சலவைக்குப் போயிருக்கு."

"கறுப்பு?"

"அதை எலி உடுத்திக்கிட்டிருக்கு."

இத்தாலியில் மேடையேறுகிறவர்களுக்கு ஊதா ஆகாது, அபசகுனம். ஒட்டோரினோவுக்குக் கத்தரிக்காய்கூட ஆகாது. கண்ணைக் கட்டிவிட்டு ஊட்டினாலும் துப்பிவிடுவார். நாற்பது ஊர்களில் பூச்செண்டு வாங்கியவர், சொந்த ஊரில் பாடியது ஒரே ஒரு முறை. உச்ச ஸ்வரத்தில் குரல் பிசிறியது. மேல்மாடியிலிருந்து கேலியாக ஒரு விசில். அதில் திரைச்சீலையே கிழிந்தது என்பார். முன்வரிசையில் ஒரு சீமாட்டி ஊதாச் சால்வை போர்த்தியிருந்ததுதான் காரணம் என்று முப்பத்தொரு வருஷம் சாதித்தார். அத்தனை வருஷமும் இந்த ஊரில் வாய் திறந்து பாடவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் லிவியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதுதான்.

"ஊதா வேண்டாம். இந்த ஊர் முன்னால இன்னொரு தடவை என்னால முடியாது."

மணி அடித்தது. செல்ஸோ அங்கியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பீடத்துக்கு நடந்தார்.

லிவியா முன்வரிசையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். கீழே பாதி இருக்கைகள் காலி. தியேட்டரின் மேல்மாடிக் கூட்டம் மொத்தமும் பழக்கதோஷத்தில் கோயில் பாடகர்குழுவின் மாடத்தில் ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நடுவில் கசாப்புக்கடை அர்மாந்தோ. அந்த விசில் அவருடையது. கறி நிறுக்கும்போதெல்லாம் ஊருக்கு அதைச் சொல்லிச் சொல்லித் தராசே காது பொத்திக்கொள்ளும்.

அர்மாந்தோ எழுந்தார்.

"ஃபாதர், அதைக் கழட்டுங்க."

"அர்மாந்தோ, இது கோயில்."

"தெரியுது. பாடகர் உள்ள இருக்காரில்ல? கழட்டுங்க."

மாடத்தில் ஒரு கால் பலகையைத் தட்டியது. பிறகு எல்லாக் கால்களும். செல்ஸோ அங்கியைத் தலைவழியே உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, வெள்ளை உள்ளங்கியோடு பூசையைத் தொடங்கினார்.

பூசை முடிந்து பெட்டி வாசலை நெருங்கியபோது லிவியா மேலே பார்த்தாள். அர்மாந்தோவின் இரண்டு விரல்கள் உதட்டுக்குப் போயின. மீசையைத் துடைத்துக்கொண்டு, அவர்தான் முதலில் கைதட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் லிவியா, பெட்டி சுமந்தவர்களிடம்.

"எதுக்கும்மா? வண்டி தயாரா நிக்குது."

"இன்னும் தட்டுறாங்க."

அவர்கள் நின்றார்கள். ஒருவர் தோள் மாற்றிக்கொண்டார்.