முதல் சிரிப்புக்காரி

காலை ஏழு மணிக்கே வரிசை, தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது வாயிலிலிருந்து பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வளைந்திருந்தது. நண்பகல் நிகழ்ச்சிக்கு முந்நூறு பேருக்குத்தான் இடம். வரிசையில் நின்றவர்கள் தங்கள் ஊர்ப்பெயர் எழுதிய அட்டைகளை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தனியாகக் குந்தியிருந்த இருபது பெண்களிடம் அட்டை இல்லை. கைதட்டுவதும் சிரிப்பதும் அவர்களுக்கு வேலை. கறுப்பும் கோடு போட்டதும் கேமராவுக்கு ஆகாது என்பதால் எல்லாரும் வெளிர்நிறச் சட்டை அணிந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மாற்றுச் சட்டை பிளாஸ்டிக் பையில் இருந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தைய புனித வாரம் நெருங்கிவிட்டது. ஒரே நாளில் இரண்டு நாளுக்கான நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வேண்டும். சட்டையை மாற்றினால் அடுத்த நாள்.

பெண்களை அழைத்துவரும் சோனா பெயர்களைப் படித்தாள். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியலின் முதற்பெயர் லின்டிங் என்பதாகவே இருந்தது. இன்று இருபது பெயர்களும் முடிந்துவிட்டன, அவள் பெயர் வரவில்லை. கழுத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்த லின்டிங் சுவரைப் பிடித்து எழுந்து சோனாவிடம் போனாள்.

"உன்ன யாரு வெயில்ல வந்து நிக்கச் சொன்னது? வேணும்னா நானே சொல்லியனுப்புறேன்னேன்ல," என்றாள் சோனா.

லின்டிங் பையிலிருந்து பழைய நுழைவுச்சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: கை தட்டுறேன்.

"கை எல்லாருக்குந்தான் இருக்கு. உங்கிட்ட எனக்கு வேண்டியிருந்தது தொண்டை."

"முன்வரிசையில இவள உக்கார வச்சா, துக்கம் கேக்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்க அக்கா," என்றாள் சுவரோரம் ஒருத்தி.

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒன்றாகக் கிளம்பவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் அதைத் தொடங்கிவைத்தவள் லின்டிங். நகைச்சுவைக்காரன் வாக்கியத்தை முடிப்பதற்கு அரை நொடி முன்பே, எங்கே முடிப்பான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சிரித்தால் முந்நூறு பேர் சிரிப்பார்கள். அதற்காகவே ஒலிவாங்கி ஒன்றை அவள் தலைக்கு நேர்மேலே தொங்கவிட்டிருந்தார்கள். சென்ற நவம்பரில் அரசு மருத்துவமனையில் அவளுடைய கழுத்துக் கழலையை அகற்றியபோது குரல் நரம்புகளும் போய்விட்டன. இப்போது அவள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

அந்நேரம் அவள் மகள் ஜெசலின் பயிற்சி மாணவியின் அடையாள அட்டையோடு அதே வாயில் வழியாக உள்ளே சென்றாள். தாயைப் பார்க்கவில்லை. நிலையத்தில் வேலை செய்பவர்களின் உறவினர் பார்வையாளராக அமரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. பயிற்சி மாணவிக்கும் அது பொருந்துமா என்பது இருவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்கப் பயந்து, வாயிலில் ஒருவரையொருவர் தெரியாதது போல நடந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஜெசலின் கல்லூரியில் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு. ஒலிக்கூடத்தில் முந்நூறு மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். நாள்தோறும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதிப் பேராசிரியருக்குக் காட்ட வேண்டும். முதல் வாரம் அவள் எழுதியிருந்தாள்: 'நம் தொலைக்காட்சியில் ஏழைக்குப் பரிசு கொடுப்பதற்கு முன் அவனை அழவைக்கிறார்கள். அழாதவனுக்குப் பரிசு கொடுத்தால் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.' பேராசிரியர் ஓரத்தில் 'எடுத்துக்காட்டு?' என்று கேட்டிருந்தார்.

ஒலிக்கூடம் சன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் சாம்பல்நிறப் பஞ்சு. உள்ளே பேசினால் குரல் வாயைவிட்டு ஓரடி போவதற்குள் விழுந்துவிடும். அதன் பொறுப்பாளர் ரோமி இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே இருந்தார். அவர் திரையில் சிரிப்புகள் வகைப்படுத்தப்பட்டிருந்தன: கூட்டம்-பெரிது, கூட்டம்-சிறிது, ஆண்-தயக்கம், பெண்-முதல். 'பெண்-முதல்' என்பதன் கீழ் நூற்றுப் பதினான்கு கோப்புகள். பயிற்சியின் மூன்றாம் நாள் அவற்றில் ஒன்றை ஜெசலின் திறந்தபோது, ஐந்து மாதங்களாக வீட்டில் கேட்காத சிரிப்பு இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் அவள் முகத்தருகே வந்து நின்றது. சிரிப்பு ஓய்ந்தபின் மூச்சிழுக்கும் சத்தமும் கேட்டது. சமைக்கும்போது அம்மா அப்படித்தான் மூச்சிழுப்பாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றார் ரோமி. "இவ ஆப்பரேசன் பண்ணிக்கப் போறான்னு சோனா சொன்னா. எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் தனித்தனியா வெட்டி வச்சேன். இப்ப தினம் ஓடுது. யாருக்கும் வித்தியாசம் தெரியல."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா சார்?"

"என்னத்தச் சொல்றது? நுழைவுச்சீட்டுக்குப் பின்னால போட்டிருக்கே. உருவம், குரல், எல்லா ஊடகத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் நிலையத்துக்கே சொந்தம்னு. நீங்க படிக்கிறது அதானே?"

அன்று குறிப்பேட்டில் அவள் எழுதியது ஒரே வரி: 'கோப்புகளை வகைப்படுத்தக் கற்றேன்.'

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளியன்று ரோமி அவளை அருகே அழைத்தார். ஆண்டுதோறும் புனித வாரத்தின் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள்களும் நண்பகல் நிகழ்ச்சியின் நகைச்சுவைக்காரர்கள் சோக நாடகம் நடிப்பார்கள். வியாழன் முதல் நிலையம் மௌனமாகிவிடும். இவ்வாண்டு புதன்கிழமை நாடகத்தில் ஒரு தாய் இருட்டறைக்குள் அழ வேண்டும். முகம் தெரியாது, அழுகை மட்டும் போதும். நடிகை இரண்டு முறை அழுது பார்த்தும் தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை.

"இந்தப் பெண்-முதல் நாப்பத்தொண்ண எடு. வேகத்தப் பாதியாக் கொற. சுருதிய ரெண்டு கட்டை எறக்கு. மூச்சை மட்டும் தொடாத."

ஜெசலின் செய்தாள். சிரிப்பின் ஒவ்வொரு வெடிப்பும் நீண்டு விம்மலாயிற்று. இடைவெளிகளில் மூச்சு மட்டும் முன்பு போலவே, சமையலறையில் கேட்பது போலவே இருந்தது. அவள் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வைத்த இடத்திலிருந்தும் மெல்லிதாக அழுகை வந்துகொண்டிருந்தது.

"சார்," என்றாள். "இவங்க என் அம்மா."

ரோமி திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "மூக்கு அப்படியே இருக்கேன்னு நெனச்சேன்," என்றார்.

"கை தட்டவாவது கூப்பிடச் சொல்லுங்க. பேச வேண்டியதில்ல. முன்வரிசையில வேண்டாம், எங்கயாவது."

"இத முடி. தயாரிப்பாளருக்குப் புடிச்சா சோனாகிட்ட நான் பேசுறேன். உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு திங்கக்கிழமை வரட்டும்."

அவள் முடித்தாள். மூலத்தின் பெயரைக் கோப்பில் எழுத வேண்டும் என்று வகுப்பில் கற்றிருந்ததால், 'லின்டிங்-அழுகை' என்று பெயரிட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், "திங்கக்கிழமை கூப்பிடுவாங்கம்மா," என்றாள். லின்டிங் சீட்டில் எழுதினாள்: நீ கேட்டியா? 'இல்ல, அவங்களாவே' என்று மகள் சொன்னாள். அதை நம்பி லின்டிங் நிகழ்ச்சிக்கு அணியும் மஞ்சள் சட்டையைத் துவைத்துப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒலிக்கூடத்துக்குப் போனபோது அந்தக் கோப்பு அந்தப் பெயரில் இல்லை. தேடியபோது 'பெண்-நடுவயது-துக்கம்-1' என்று கிடைத்தது. அதன் கீழே துக்கம்-2, துக்கம்-3 என்று இருபத்திரண்டு வரை புதிதாக இருந்தன.

"தயாரிப்பாளர் அசந்துட்டாரு," என்றார் ரோமி. "மிச்சத்துல இன்னும் இருபத்தொண்ணையும் இப்படியே பண்ணிட்டேன். நீ போட்ட அளவுதான், அப்படியே எல்லாத்துக்கும் பொருந்துது. சான்றிதழ்ல நல்லா எழுதியிருக்கேன், பாரு."

"திங்கக்கிழமை?"

அவர் நாற்காலியைத் திருப்பினார். "முன்வரிசையே வேண்டாம்ங்கறாங்க. சிரிப்பு இருக்கு, இப்ப அழுகையும் இருக்கு. இருபது பேருக்கும் இனி வேலை இல்ல. சோனாவே வேற எடம் பாக்க வேண்டியதுதான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சான்றிதழில் 'தானாகப் புதிய வழி கண்டுபிடிக்கும் திறன் உடையவர்' என்று இருந்தது. ஜெசலின் அதை நான்காக மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தாள்.

புதன்கிழமை நண்பகல், அவர்கள் குடியிருந்த தாத்தாலோன் ஓடைக்கரையில் காற்றில்லை. சந்தின் முனையில், தகரக் கொட்டகையிலிருந்த சிற்றாலயத்தில், கிறிஸ்துவின் பாடுகளை மூன்று பெண்கள் முறைவைத்து இராகமாக ஓதிக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் வெந்துகொண்டிருந்தன. லின்டிங் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். மகள் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டபின் சொல்லலாம் என்றிருந்தாள்.

பக்கத்து வீட்டு பாசிங் ஒரு கிண்ணத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். "எங்க டிவிப் பெட்டியில முகமெல்லாம் பச்சையா தெரியுது. அழுதாலும் வாந்தியெடுக்கிற மாதிரி இருக்கு. உங்க வீட்லயே பாத்துக்கறேன்."

நாடகம் தொடங்கியது. சென்ற வாரம்வரை கோமாளித் தொப்பி வைத்திருந்தவன் கைதியாக வந்தான். லின்டிங் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரை நொடி முன்பே தலையசைத்தாள். பிறகு திரை இருண்டது. சாத்திய கதவு தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை வந்தது.

பாசிங்கின் கரண்டி நின்றது. "யாருடி இது," என்றாள். "நடிக்கிறவ இல்ல. இது நெசமாவே பறிகொடுத்தவ." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

சந்தின் எல்லா வீடுகளிலும் அதே நிலையம்தான் ஓடியது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒலி ஒரு கணம் முன்னும் பின்னுமாக வந்ததால், அழுகை இந்த வீட்டில் எழுந்து, பக்கத்து வீட்டில் தொடர்ந்து, ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் அடங்கி, மறுபடி இங்கே எழுந்தது. ஓதிக்கொண்டிருந்த மூன்று பெண்களில் ஒருத்தி வரியைத் தவறவிட்டாள்.

லின்டிங் தலையசைப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் கை கழுத்துத் துணிக்குள் போய்த் தழும்பின்மேல் நின்றது. அழுகைக்கு நடுவே மூச்சு இழுபட்டபோதெல்லாம் அவள் மார்பும் அதே அளவு உயர்ந்தது. வாய் திறந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு அவளே அழுவதாகத் தோன்றியிருக்கும். கண்கள் மட்டும் உலர்ந்திருந்தன.

"அம்மா," என்றாள் ஜெசலின்.

லின்டிங் திரும்பவில்லை. பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தாள். முழங்காலில் வைத்து எழுதினாள். பென்சில் இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அதை மகளிடம் நீட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*நான் எப்போ அழுதேன்?*

எழுத்துகள் பெரியவை. வெற்றிடத்தில் அடங்காமல் சரிந்து, சீட்டின் அடியில் 'உருவம், குரல்' என்று சிற்றெழுத்தில் அச்சடித்திருந்த மூன்று வரிகளின்மேல் ஏறியிருந்தன. ஆணியில் தொங்கிய மஞ்சள் சட்டையில் இஸ்திரியின் சூடு இன்னும் ஆறவில்லை. எதிர்க்கரையில் அழுகை மறுபடி தொடங்கியது.